ஆணுறுப்பு வளைவு: எதற்குப் பொறுக்கலாம், எதற்கு ஓட வேண்டும்

விறைத்து நிற்கும்போது கோடு கிழித்தாற்போல நேராக இருக்கும் ஆணுறுப்பு குறைவு. கொஞ்சம் இடப்பக்கம், கொஞ்சம் மேல்நோக்கி, சிலருக்குக் கீழ்நோக்கி என்று ஏதாவது ஒரு சாய்வு பலருக்கும் உண்டு. உறவின்போது உங்களுக்கும் மனைவிக்கும் வலி இல்லை, தடை இல்லை, வயது வந்த நாள் முதல் அது அப்படியேதான் இருக்கிறது என்றால், அந்தச் சாய்வுக்கு மருந்து தேவையில்லை. நீங்கள் அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடலாம்.

மற்றவர்கள் உட்காருங்கள். இந்த விஷயத்தில் நம் பக்கத்து ஆண்களுக்கு முதல் தகவல் கிடைக்கும் இடம் பெரும்பாலும் பேருந்து நிலையக் கழிப்பறைச் சுவர்தான். 'சிறுத்தல், வளைதல், விந்து முந்துதல்' என்று மூன்றையும் ஒரே வரியில் போட்டு, கீழே ஒரு கைப்பேசி எண்ணும் லாட்ஜ் அறை எண்ணும் இருக்கும். உடலுறவுத் திறனைக் கூட்டித் தருவதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டு மத்திய அரசுச் சட்டம் ஒன்று தடை செய்திருக்கிறது. சட்டத்துக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. சுவரொட்டி மட்டும் வாராவாரம் புதிதாக ஒட்டப்படுகிறது. அந்த எண்ணுக்குப் போன் போடுவதற்கு முன் மூன்று கேள்விகளை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். வளைவு எப்போதிலிருந்து இருக்கிறது? எவ்வளவு வளைகிறது? உறவு கொள்ள முடிகிறதா? மருத்துவரும் இந்த மூன்றிலிருந்துதான் தொடங்குவார். ஒருவருக்கு அறுவை, இன்னொருவருக்குக் காத்திருப்பு, வேறொருவருக்கு ஒன்றுமே வேண்டாம் என்று பிரிவது இந்தப் பதில்களில்தான்.

பிறவியிலேயே இருப்பது

ஆணுறுப்புக்குள் நீளவாக்கில் இரண்டு பஞ்சுத் திசுக்கள் இருக்கின்றன. இரத்தம் நிரம்பும்போது இவை விறைக்கின்றன. இவற்றைச் சுற்றி வெள்ளை நிறத்தில் உறுதியான ஓர் உறை. கருவில் வளரும்போதே இந்த உறை ஒரு பக்கம் நீளமாகவும் மறுபக்கம் குட்டையாகவும் அமைந்துவிட்டால், குட்டையான பக்கமாக உறுப்பு வளையும். பெரும்பாலும் கீழ்நோக்கி, சிலருக்குப் பக்கவாட்டில். சுருங்கிய நிலையில் எதுவும் தெரியாது. அதனால் பதின்மூன்று, பதினான்கு வயதில் விறைப்பு அடிக்கடி வரும் காலத்தில்தான் பையன் அதைக் கவனிக்கிறான். கவனித்த கையோடு கைப்பழக்கத்தால் வந்த தண்டனை என்று முடிவுகட்டிக்கொள்கிறான். அப்படி இல்லை. சாதாரணக் கைப்பழக்கத்தால் வளைவு வராது. இறுக்கமான ஜட்டியாலும் வராது.

இந்தப் பிறவி வளைவு வயதோடு கூடுவதில்லை, தானாக நேராவதும் இல்லை. உள்ளே கட்டி இருக்காது, வலி இருக்காது, விறைப்பு நன்றாக இருக்கும். எண்ணெய், களிம்பு, இரவெல்லாம் துணி கட்டி இழுத்துவைப்பது எதற்கும் அந்த உறை அசையாது. உறவுக்குத் தடையாகும் அளவு வளைவு இருந்தால் ஒரே வழி அறுவைதான். அதுவும் உடல் வளர்ச்சி முடிந்த பிறகு, பதினெட்டைத் தாண்டி. 1965இல் அமெரிக்காவின் மிச்சிகனில் ரீட் நெஸ்பிட் என்ற அறுவை மருத்துவர் இதற்கான முறையை மூன்று நோயாளிகளின் விவரத்தோடு வெளியிட்டார். நீளமான பக்கத்து உறையில் ஒரு துண்டை எடுத்துவிட்டுத் தைத்து, குட்டைப் பக்கத்துக்குச் சமமாக்குவது. இன்றும் அந்த யோசனைதான் பல வடிவங்களில் நடக்கிறது. பிறவி வளைவில் இதன் பலன் நல்ல பலன்.

நிச்சயதார்த்தம் முடிந்து கல்யாணத்துக்கு இருபது நாள் இருக்கும்போது ஓடிவருவதுதான் நம் ஊர் வழக்கம். அறுவைக்குப் பின் குறைந்தது ஆறு வாரம் உறவு கூடாது. ஆகவே, வளைவு பெரிது என்று தெரிந்தவர் பெண் பார்க்கத் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வளைவு மலட்டுத்தன்மை அல்ல. விந்தணு உருவாவது விதையில். விந்து உள்ளே போய்ச் சேர முடிகிற வரை குழந்தைக்கு வளைவு தடையே இல்லை.

கைக்குழந்தைகளின் கதை வேறு. சில ஆண் குழந்தைகளுக்குச் சிறுநீர்த் துவாரம் நுனியில் இல்லாமல் அடிப்பக்கத்தில் எங்காவது திறந்திருக்கும். முன்தோல் மேலே மட்டும் குல்லாய் போல் தொங்கும். உறுப்பும் கீழ்நோக்கி வளைந்திருக்கும். இதற்கு ஹைப்போஸ்பேடியாஸ் என்று பெயர். சுமார் 250, 300 ஆண் குழந்தைகளுக்கு ஒன்று என்ற அளவில் காணப்படுவதால் அரிய நோய் என்று சொல்ல முடியாது. குளிப்பாட்டும் பாட்டிதான் முதலில் பார்ப்பார். "ஒண்ணுக்குப் போனா கால்மேலயே விழுதும்மா" என்பார். வீட்டில் பெரியவர் ஒருவர், "சின்னப் பையன்தானே, வளர வளரச் சரியாயிரும்" என்று அதை முடித்துவைப்பார். சரியாகாது. அறுவைக்கு ஏற்ற காலம் ஆறு மாதத்துக்கும் ஒன்றரை வயதுக்கும் இடையில். குழந்தைக்கு நினைவே இருக்காது. பள்ளியில் நின்றுகொண்டு சிறுநீர் கழிக்கும் வயதில் பிரச்சினை முடிந்திருக்கும். இந்த அறுவையை ஒரே கட்டமாக, முன்தோலையே குழாயாக்கிச் செய்யும் முறை ஒன்றை 1971இல் வெளியிட்டவர் ஆக்ராவைச் சேர்ந்த மருத்துவர் அசோபா. உலகப் பாடநூல்களில் அவர் பெயர் இருக்கிறது.

முன்தோல் அந்த அறுவைக்குத் தேவைப்படும் தோல். எனவே இப்படிப் பிறந்த குழந்தைக்கு, குழந்தைகள் அறுவை மருத்துவர் பார்ப்பதற்கு முன் சுன்னத் செய்துவிடக் கூடாது. இஸ்லாமியக் குடும்பங்கள் இதைக் கட்டாயம் மனதில் வைக்க வேண்டும். கூடவே விதை இறங்காமல் இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். சில கூடுதல் பரிசோதனைகள் தேவைப்படும்.

நடுவயதில் வருவது

"நாற்பத்தெட்டு வயசு வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு சார். ஆறு மாசமா மேல பார்த்து வளைஞ்சுக்குது. வலிக்குது." இப்படித் தொடங்கினால் அது பெரும்பாலும் பெய்ரோனி நோய். பிரான்சின் பதினைந்தாம் லூயி மன்னரின் அறுவை மருத்துவராக இருந்த பிரான்சுவா தெ லா பெய்ரோனி 1743இல் விவரித்ததால் அவர் பெயர். அவர் சொன்ன வைத்தியம் பாரேஜ் என்ற ஊரின் வெந்நீர் ஊற்றில் குளிப்பது. அதற்குப் பிறகு இந்த நோய்க்கு வந்துபோன மருந்துகளின் பட்டியலைப் பார்த்தால், வெந்நீர்க் குளியல் அப்படியொன்றும் மோசமில்லை என்றே தோன்றுகிறது.

நடப்பது இதுதான். விறைப்பின்போது அந்த வெள்ளை உறை நன்றாக மெலிந்துவிடுகிறது. சாதாரண நிலையில் சுமார் 2 மில்லிமீட்டர் இருப்பது அரை மில்லிமீட்டருக்கும் கீழே போய்விடும். உறவின்போது சற்று மடங்கினாலும் உள்ளுக்குள் சின்னக் காயங்கள் படும். பல நேரம் அது நமக்குத் தெரியக்கூடத் தெரியாது. பெரும்பாலோருக்கு அந்தக் காயம் ஆறிவிடும். சிலருக்கு மட்டும் ஆறும் வேலை நிற்காமல் போய், தழும்பு தடித்து, நீளாத ஒரு பட்டையாக அங்கேயே தங்கிவிடுகிறது. பஞ்சர் ஒட்டிய சைக்கிள் டியூபில் காற்றடித்துப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஒட்டு போட்ட இடம் விரியாது, டியூப் அந்தப் பக்கமே வளையும். தழும்பு மேற்புறம் இருந்தால் வளைவு மேல்நோக்கி. சுற்றிலும் இருந்தால் நடுவில் இடுப்பு போல ஒடுங்கும். விரலால் தடவினால் தோலுக்கு அடியில் பட்டாணி அளவோ, நீளமான பட்டை போலவோ கெட்டியாகத் தட்டுப்படும்.

யாருக்கு வருகிறது? ஐம்பது, அறுபது வயதில் அதிகம். சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், புகை மூன்றும் இதோடு சேர்ந்து நடப்பவை. உள்ளங்கையில் கயிறு போலத் தடித்து மோதிர விரல் மடங்கிக்கொள்ளும் டூபிட்ரான் என்ற கோளாறு உள்ளவர்களுக்கும் வரும். நம்மிடையே அது குறைவு. பரம்பரையாகவும் சில குடும்பங்களில் உண்டு. நம் தருமபுரி மாவட்டத்துத் தண்ணீரில் ஃபுளோரைடு பல்லையும் எலும்பையும் என்ன செய்தது என்று பார்த்து வளர்ந்தவர்கள் இதையும் அதன் கணக்கில் எழுதிவிடத் தோன்றும். எழுத வேண்டாம், இந்த நோயின் காரணப் பட்டியலில் ஃபுளோரைடு இல்லை. இது பால்வினை நோயும் இல்லை, மனைவிக்குத் தொற்றாது. எங்கேயோ போய்வந்ததன் விளைவு என்று வீட்டில் சந்தேகம் கிளம்பினால், இந்தப் பக்கத்தை அவரிடமே படிக்கக் கொடுங்கள்.

கட்டி என்றதும் புற்றுநோய்ப் பயம் வரும். பெய்ரோனி தழும்பு புற்றாக மாறாது. ஆணுறுப்புப் புற்று வேறு விதம். அது மொட்டிலோ முன்தோலுக்கு உள்ளேயோ ஆறாத புண்ணாக, இரத்தம் கசிந்து, துர்நாற்றத்தோடு வரும். முன்தோல் பின்னுக்கு வராதவர்களிடம் அதிகம். அப்படி எதையாவது கண்டால் வளைவை மறந்துவிட்டு அந்த வாரமே மருத்துவமனைக்குப் போங்கள்.

பெய்ரோனிக்கு இரண்டு பருவங்கள். முதலாவது கொதிநிலை: விறைத்தால் வலிக்கும், வளைவு மாதத்துக்கு மாதம் மாறும், தழும்பு உருவாகிக்கொண்டே இருக்கும். இது ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வருடம் வரை போகலாம். இரண்டாவது அடங்கிய நிலை: வலி போய்விடும், வளைவு குறைந்தது மூன்று மாதமாக ஒரே அளவில் நிற்கும். வலி கிட்டத்தட்ட எல்லோருக்கும் தானாகவே அடங்கிவிடுகிறது. வளைவு அப்படி இல்லை. சிகிச்சை இல்லாமல் தொடர்ந்து பார்த்த வெளிநாட்டு ஆய்வுகளில், 100 பேரில் 12, 13 பேருக்குத்தான் வளைவு தானாகக் குறைந்தது. மற்றவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அப்படியே நின்றது, மீதிப் பேருக்குக் கூடியது.

இந்த எண்களை ஏன் சொல்கிறேன் என்றால், சுவரொட்டி வைத்தியரின் வியாபாரமே இவற்றில்தான் நடக்கிறது. கொதிநிலையில் ஒருவர் லேகியம் வாங்கிச் சாப்பிடுகிறார். ஆறு மாதத்தில் வலி போய்விடுகிறது. லேகியம் வேலை செய்தது என்று நம்புகிறார். சாப்பிடாமல் இருந்தாலும் வலி போயிருக்கும். வளைவும் குறைந்த அந்த 12 பேர் ஊர் முழுக்கச் சொல்வார்கள். மற்றவர்கள் வெட்கப்பட்டு வாய் திறக்க மாட்டார்கள்.

அளந்து வைப்பது

மருத்துவர் பார்க்கும்போது உறுப்பு சுருங்கிய நிலையில் இருக்கும், வளைவு தெரியாது. அதனால் வீட்டில் நன்றாக விறைத்த நிலையில் கைப்பேசியில் இரண்டு படம் எடுத்துவையுங்கள், மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. முகமும் உடலின் வேறு அடையாளங்களும் படத்தில் வர வேண்டாம். அதைப் பூட்டுப்போட்ட கோப்புறையில் வைத்து, மருத்துவரிடம் காட்டியபின் அழித்துவிடுங்கள். யாருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், "அனுப்புங்க, பார்த்துச் சொல்றோம்" என்கிற ஆன்லைன் மருந்துக்கடைக்கு நிச்சயமாகக் கூடாது. படத்தைத் தாளில் வரைந்து, பிள்ளையின் ஜியோமெட்ரி பெட்டியிலிருக்கும் கோணமானியை வைத்தால் வளைவு எத்தனை டிகிரி என்று தோராயமாகத் தெரிந்துவிடும். தேதியோடு குறித்துவைத்து மூன்று மாதம் கழித்து மறுபடி எடுங்கள். நோய் எந்தப் பருவத்தில் இருக்கிறது என்பதை இந்தச் சாதாரண வேலை சொல்லிவிடும்.

30 டிகிரிக்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் உறவுக்குத் தடை வராது. 60 தாண்டினால் அறுவை முறையே மாறலாம். ஆனால் எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுப்பதில்லை. 40 டிகிரி வளைவோடு பிரச்சினையின்றி வாழ்பவரும் உண்டு, 25 டிகிரியில் மனைவிக்கு வலி என்று வருபவரும் உண்டு. மருத்துவமனையில் சில சமயம் ஊசி போட்டு விறைப்பு வரவழைத்து, ஸ்கேனில் இரத்த ஓட்டத்தையும் பார்ப்பார்கள். அறுவைக்கு முன் இது தேவையான பரிசோதனைதான். அந்த ஊசிக்குப் பின் விறைப்பு நான்கு மணி நேரத்துக்கு மேல் இறங்காவிட்டால் அது அவசரம். ராத்திரி என்று பார்க்காமல் திரும்பிப் போங்கள்.

ஒரு சின்ன விஷயம்: சிலருக்கு மொட்டுக்கு அடியில் முன்தோலை இணைக்கும் நாண் குட்டையாக இருக்கும். விறைக்கும்போது அது நுனியை மட்டும் கீழே இழுக்கும். அதை வளைவு என்று நினைத்து வருடக்கணக்கில் கவலைப்படுபவர்கள் உண்டு. சின்ன அறுவையில் தீர்ந்துவிடும்.

மாத்திரை, ஊசி, கருவி

வளைவை நேராக்கும் மாத்திரை இதுவரை இல்லை. வைட்டமின் இ பல பத்தாண்டுகளாக எழுதப்படுகிறது. தமாக்சிஃபென், மீன் எண்ணெய் என்று வேறு பலவும் முயன்று பார்த்தார்கள். ஒழுங்காக ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில் மருந்தில்லாத வெறும் மாத்திரையைவிட இவை மேலாக நிற்கவில்லை. அமெரிக்க யூராலஜி சங்கத்தின் 2015 வழிகாட்டுதல் இவற்றை எழுத வேண்டாம் என்றே சொல்கிறது. ஆனாலும் நம் கிளினிக்குகளில் எழுதுகிறார்கள். நோயாளியை வெறுங்கையோடு அனுப்ப மனம் வருவதில்லை. வலிக்கும் காலத்தில் வலி மாத்திரை சில நாள் எடுக்கலாம். சர்க்கரையோ சிறுநீரகக் கோளாறோ இருப்பவர் அதைக் கடையில் தானாக வாங்கக் கூடாது.

விறைப்பே குறைந்திருந்தால் சில்டனாஃபில், தடலாஃபில் வகை மாத்திரை உதவும். வளைவைத் தொடாது, உறவுக்கு உதவும். நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் மாத்திரையோ அது போன்ற நைட்ரேட் மருந்தோ எடுப்பவர் இதைத் தொடவே கூடாது. இரத்த அழுத்தம் அபாயமாக இறங்கிவிடும், உயிர் போகலாம். நண்பரிடம் ஒன்று வாங்கிப் போட்டுப் பார்க்கிற வேலை வேண்டாம்.

தழும்புக்குள்ளேயே போடும் ஊசிகள் உண்டு. கொலாஜினேஸ் என்ற நொதி ஊசியை அமெரிக்கா 2013இல் இந்த நோய்க்கு அனுமதித்தது. அடங்கிய நிலையில், 30 டிகிரிக்கு மேல் வளைந்தவர்களுக்குச் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு வளைவு குறைந்தது. விலை மிக அதிகம். ஐரோப்பியச் சந்தையிலிருந்து நிறுவனமே அதை விலக்கிக்கொண்டது. நம் அரசு மருத்துவமனையில் அதை எதிர்பார்த்துப் போக வேண்டாம். வெரப்பமில், இன்டர்ஃபெரான் ஊசிகளையும் போடுகிறார்கள். வெரப்பமிலுக்கு ஆதாரம் பலவீனம், இன்டர்ஃபெரானுக்குக் கொஞ்சம் தேவலை. அதிர்வலைச் சிகிச்சை என்று பெருநகரக் கிளினிக்குகள் விளம்பரம் செய்வது வலியைக் குறைக்கலாம், வளைவைக் குறைக்காது. பணம் கட்டும் முன் இந்த வித்தியாசத்தை அவர்களிடமே கேட்டுப் பாருங்கள்.

இழுவைக் கருவி ஒன்று இருக்கிறது. உறுப்பை மெதுவாக நீட்டிப் பிடித்துவைப்பது. தினமும், மாதக்கணக்கில் போட வேண்டும். பலன் ஓரளவுதான், ஆனாலும் மாத்திரைகளைவிட மேல். மருத்துவர் அளவு பார்த்துச் சொன்னால் போடலாம். கையால் எதிர்ப்பக்கம் வளைத்து நேராக்கப் பார்ப்பது மட்டும் ஆபத்து. புதுக் காயம், புதுத் தழும்பு.

காத்திருக்கும் காலத்தில் நம் கையில் இருக்கும் வேலை சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது. பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் வழியாகச் சர்க்கரை, அழுத்த மாத்திரை வீடு தேடி வருகிறது. மாத்திரை வருகிறதே என்று பரிசோதனையை விட்டுவிடாதீர்கள். மூன்று மாதச் சராசரி சர்க்கரையை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். பீடியை நிறுத்துங்கள். உறவில் வலிக்கும் நிலையை மாற்றிக்கொள்ளுங்கள். மனைவி மேலிருக்கும் நிலையில் உறுப்பு மடங்கும் வாய்ப்பு உண்டு. அவரிடம் விஷயத்தைச் சொல்லாமல் விலகிப் படுத்தால், அவர் வேறு காரணத்தைக் கற்பித்துக்கொள்வார். ஓர் ஆய்வில் பெய்ரோனி உள்ள ஆண்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேரிடம் மனச்சோர்வு அறிகுறிகள் இருந்தன. தூக்கம் போய், வேலைக்குப் போகப் பிடிக்காமல், சாகலாம் என்ற எண்ணம் வந்தால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணிலோ 104இலோ தமிழில் பேசலாம், காசு இல்லை.

ஒரு மணி நேரமும் தள்ளக் கூடாதது

விறைத்த உறுப்பு உறவின்போது நழுவி எலும்பில் முட்டிக்கொண்டது, அல்லது புரண்டு படுத்ததில் மடங்கிவிட்டது. 'டப்' என்று ஒரு சத்தம், கடும் வலி, விறைப்பு உடனே இறங்குகிறது, கொஞ்ச நேரத்தில் கத்திரிக்காய் நிறத்தில் வீங்குகிறது. வெள்ளை உறை கிழிந்துவிட்டது. எலும்பே இல்லாத இடம்தான், இருந்தாலும் இதை முறிவு என்றே சொல்கிறார்கள். கூடிய வரை 24 மணி நேரத்துக்குள் தைத்துவிட்டால் பெரும்பாலும் பழையபடி ஆகிவிடும். விட்டால் தழும்பு, நிரந்தர வளைவு, விறைப்புக் குறைவு. துவாரத்தில் இரத்தம் வந்தால் சிறுநீர்க் குழாயும் கிழிந்திருக்கக்கூடும்.

துணியில் சுற்றிய ஐஸ் வையுங்கள். இறுக்கிக் கட்டாதீர்கள். மயக்க மருந்து தேவைப்படலாம் என்பதால் எதுவும் சாப்பிட வேண்டாம். 108ஐக் கூப்பிடுங்கள். சித்தேரி மலையிலிருந்தோ பென்னாகரம் பக்கத்துக் காட்டு ஊர்களிலிருந்தோ இறங்குவதற்கே நேரமாகும். விடியட்டும் என்று உட்கார வேண்டாம். மருத்துவமனையில் "கட்டில்லருந்து விழுந்துட்டேன்" என்று சொல்வார்கள். நேரே நடந்ததைச் சொல்லுங்கள். அவர்கள் இதைப் பார்க்காதவர்கள் இல்லை, பொய் சொல்வதால் போவது உங்கள் நேரம்.

கத்தி எடுப்பது எப்போது

பெய்ரோனியில் அறுவைக்கு நிபந்தனை இரண்டு. நோய் அடங்கியிருக்க வேண்டும். வளைவால் உறவு முடியாமலோ மிகக் கடினமாகவோ இருக்க வேண்டும். கொதிநிலையில் அறுவை செய்தால் வளைவு திரும்ப வரும். எனவே நோய் தொடங்கி ஒரு வருடமாவது ஆகட்டும் என்பார்கள். "ஆபரேஷன் பண்ணிவிட்டுருங்க டாக்டர், ஊருக்குப் போகணும்" என்று அவசரப்படுத்தாதீர்கள்.

விறைப்பு நன்றாக இருந்து, வளைவு 60 டிகிரிக்குள் என்றால் நீளமான பக்கத்தை மடித்துத் தைக்கும் முறை போதும். அதிகச் சிக்கல் இல்லாத அறுவை. உறுப்பு சற்றுக் குட்டையாகும், தையல் முடிச்சு சிலருக்கு விரலில் தட்டுப்படும். நீளம் குறைவது பற்றி அறுவைக்கு முன்பே மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். பிறகு வரும் வருத்தங்களில் பெரியது அதுதான். வளைவு மிக அதிகம், அல்லது நடுவில் ஒடுங்கியிருக்கிறது என்றால் தழும்பைக் கிழித்து அல்லது வெட்டி ஒட்டுத் திசு வைப்பார்கள். நீளம் அவ்வளவு குறையாது, ஆனால் உணர்வு மரத்துப்போகவும் விறைப்பு குறையவும் வாய்ப்பு கூடுதல். இதைச் செய்து பழகிய மருத்துவரிடம்தான் போக வேண்டும். மாத்திரைக்கும் விறைப்பு வராதவருக்கு உள்ளே கம்பி போன்ற செயற்கை உறுப்பு வைப்பது வழி. வளைவும் விறைப்பும் ஒன்றாகச் சரியாகும். இறக்குமதிக் கருவிகள் கைக்கு எட்டாத விலையில் இருந்த நாட்டில், மும்பையைச் சேர்ந்த மருத்துவர் ரூபின் ஷா குறைந்த விலையில் இந்தியாவிலேயே ஒன்றை உருவாக்கினார். 'ஷா' கருவி என்று கேட்டால் யூராலஜி மருத்துவர்களுக்குத் தெரியும்.

பல அறுவைகளில் முன்தோலையும் நீக்கிவிடுவார்கள். வேண்டாம் என்று நினைப்பவர் ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போடும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கே போவது

தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தொடங்குங்கள். 2008இல் கல்லூரி வந்தது முதல் மாவட்டத்துக்கு அதுதான் பெரிய ஆஸ்பத்திரி. ஓ.பி. சீட்டு எழுதுமிடத்தில் கூட்டத்தின் நடுவே நோயைச் சொல்ல வேண்டியதில்லை. "சிறுநீர் சம்பந்தமா சர்ஜரி டாக்டரைப் பார்க்கணுங்க" என்றால் போதும். உள்ளே போனதும், "விறைக்கும்போது வளையுது, தனியாப் பேசணும்" என்று சொல்லிவிடுங்கள். கல்லூரி மருத்துவமனையில் மாணவர்கள் நிற்பார்கள். சங்கடமாக இருந்தால் சொல்லலாம், அது உங்கள் உரிமை. யூராலஜி மருத்துவர்தான் இதற்கு உரியவர். சிறுநீரகச் செயலிழப்பு, டயாலிசிஸ் பார்க்கும் நெஃப்ராலஜி வரிசையில் போய் அரை நாளைத் தொலைக்காதீர்கள்.

மேற்கொண்டு அனுப்பினால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனை. பஸ்ஸில் தொப்பூர் கணவாய் தாண்டி ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். வேலூர் சி.எம்.சி.யும் எட்டாத தூரமில்லை. பெங்களூரில் கட்டட வேலைக்கோ கம்பெனிக்கோ போய்த் தங்கியிருக்கும் நம்மவர்களுக்கு, விக்டோரியா மருத்துவமனை வளாகத்தில் கர்நாடக அரசின் நெஃப்ரோ யூராலஜி நிறுவனம் இருக்கிறது. அறுவை என்று முடிவானால், தேதி வாங்கும் முன் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் காட்டி, இந்த அறுவைக்குப் பணம் வருமா என்று எழுத்தில் கேளுங்கள். சர்க்கரை, இரத்தப் பரிசோதனைச் சீட்டுகளையும் சாப்பிடும் மாத்திரை அட்டைகளையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு போங்கள். நாட்டு மருந்து எடுத்திருந்தால் மறைக்க வேண்டாம். பஸ்பம் கலந்த சில மருந்துகள் சிறுநீரகத்தைத் தொடும்.

அறுவை முடிந்து வீட்டுக்கு வந்தபின் முதல் இரண்டு வாரம் பைக் வேண்டாம், சுமை தூக்க வேண்டாம். மாம்பழக் கூடையோ தக்காளி டிரேயோ வேறு யாராவது தூக்கட்டும். ஆறு வாரம் உறவும் கைப்பழக்கமும் கூடாது. இரவில் தானாக விறைப்பு வந்து தையல் இழுத்து வலிக்கும். எழுந்து சிறுநீர் கழித்துக் கொஞ்சம் நடந்தால் அடங்கும், தையல் பிரிந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். வீக்கமும் நீல நிறமும் இரண்டு, மூன்று வாரத்தில் வடிந்துவிடும். காய்ச்சல் வந்தாலோ, சீழ் வந்தாலோ, சிறுநீர் நின்றாலோ, மொட்டு கறுத்துப்போனாலோ, உள்ளூர் மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு நாள் கடத்தாமல் அறுவை செய்த மருத்துவமனைக்கே அன்றைக்கே திரும்பிப் போங்கள்.